பலகையில் வரைந்த படமும் இரண்டரை வருஷ கேஸ் மாத்திரையும்

நெஞ்செரிச்சல் என்றால் எப்படி இருக்கும் என்று நாற்பத்தைந்து வயது வரை எனக்குத் தெரியாது. வகுப்பில் நடத்தியிருக்கிறேன், பட்டதில்லை. கல்யாண வீட்டில் மூன்றாவது தம்ளர் பாயசத்தையும் குடித்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிற வயிறு என்னுடையது. அப்படிப்பட்டவள் போன வருஷம் ஆவணியில் ஒரு ராத்திரி, இரண்டரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தொண்டைக்குழி வரை ஏறி வந்த புளிப்பை விழுங்கிக்கொண்டிருந்தேன். கேஸ் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கு ஐந்தாவது நாள்.

இதில் கூத்து என்னவென்றால், நான் ஒரு பார்மசி கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறவள். இரைப்பையில் அமிலம் சுரக்கிற செல்லின் படத்தைப் பதினொரு வருஷமாகப் பலகையில் வரைந்துகொண்டிருக்கிறேன். எந்த அம்பு எங்கே போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதே அம்புகள்தான் அன்று ராத்திரி எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தன என்பது உறைப்பதற்குள் விடிந்துவிட்டது.

மாத்திரை என்னிடம் வந்து சேர்ந்த கதை ரொம்ப சாதாரணமானது. மாடிப்படியில் கால் பிசகி முட்டி வீங்கியது. எலும்பு டாக்டர் பத்து நாளைக்கு டைக்ளோஃபெனாக் எழுதினார். கூடவே காலையில் ஒன்று, பான்டோப்ரசோல் 40 மி.கி. அவர் எழுதியதில் தப்பே இல்லை. டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. அதே புராஸ்டாகிளாண்டின் வயிற்றில் வேறு வேலை பார்க்கிறது. சளிப் படலத்தைக் காப்பாற்றுகிறது, அமிலம் சுரக்கும் செல்லை ‘போதும், போதும்’ என்று அடக்கியும் வைக்கிறது. வலி மாத்திரை அந்த பிரேக்கைக் கழற்றிவிடும். அதனால்தான் துணைக்கு ஒரு மாத்திரை.

பத்து நாளில் வலி மாத்திரை தீர்ந்தது. துணைக்கு வந்தது மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப் அண்ணன் நான் படியேறும்போதே அட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிடுவார். நடுவில் ஒருமுறை, கோவில்பட்டியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது மாத்திரையை மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் நெஞ்சில் லேசாக ஒரு காந்தல். ‘பாத்தியா, நமக்கு அமிலம் ஜாஸ்தி, மாத்திரை இல்லாம முடியாது போல’ என்று முடிவு கட்டிவிட்டேன். இப்படித்தான் இரண்டரை வருஷம் ஓடியது. வயிற்றில் எந்த நோயும் இல்லாத ஒருத்தி, வயிற்று மாத்திரைக்கு மாதக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

கதை மாறியது ஒரு பையன் கேட்ட கேள்வியால். இரண்டாம் வருஷ வகுப்பு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சொக்கும் நேரம். படத்தை முடித்து, மாத்திரை எங்கே வேலை செய்கிறது என்று ஒரு பெருக்கல் குறி போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்தான். “மேடம், மாத்திரை கீழ கேட்டத்தான பூட்டுது? மேல ஆர்டர் போடுறவங்கள ஒண்ணும் பண்ணலயே. அவங்க சும்மா இருப்பாங்களா?”

“நல்ல கேள்வி, அடுத்த கிளாஸ்ல பாக்கலாம்” என்றேன். வாத்தியார்கள் எப்போது இப்படிச் சொல்வார்கள் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பையில் அட்டையைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. முட்டி வலி போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இதை ஏன் இன்னும் விழுங்குகிறேன்? மறுநாளே நிறுத்தினேன், ஒரேயடியாக. அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் ஐந்தாம் நாள் ராத்திரி வந்தது.

அந்தப் படத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மாத்திரை அட்டையில் எழுதியிருப்பது எல்லாம் தானாகப் புரியும்.

இரைப்பையின் உட்சுவர் முழுக்கச் சிறுசிறு குழிகள். குழிக்குள் இறங்கினால் குழாய் போன்ற சுரப்பிகள். அவற்றின் சுவரில் கூம்பு மாதிரி உட்கார்ந்திருப்பவை பெரைட்டல் செல்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இவற்றின் சரக்கு. ரத்தத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனியின் செறிவைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் அதிகமான செறிவில் அதை வெளியே தள்ள வேண்டும். சும்மா நடக்கிற காரியமா? செல்லின் உள்ளே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவு எரிபொருள் வேண்டும்.

தள்ளுகிற கருவிக்குப் பெயர் புரோட்டான் பம்ப். ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். செல் ஓய்வாக இருக்கும்போது இந்தப் பம்புகள் வாசலில் இருப்பதில்லை. உள்ளே சின்னச் சின்னப் பைகளின் சுவரில் பதுங்கிக் கிடக்கும். ஆர்டர் வந்ததும் அந்தப் பைகள் வாசல் பக்கம் நகர்ந்து, வெளிச் சவ்வோடு கலந்துவிடும். பம்புகள் வெளியே முகம் காட்டி வேலையைத் தொடங்கும். சாப்பாட்டு நேரம் முடிந்து அடங்கியதும் திரும்ப உள்ளே போய்விடும். ரோட்டோர இட்லிக் கடைக்காரர் சாயங்காலம் வந்து கடை பரப்பி, ராத்திரி மடக்கி எடுத்து வைக்கிறாரே, அதே ஏற்பாடு.

ஆர்டர் மூன்று பேரிடமிருந்து வரும். முதல் ஆள் வேகஸ் நரம்பு. பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளிக்கிற வாசனை வந்ததுமே இது வேலையைத் தொடங்கிவிடும். வாயில் எச்சில் ஊறும் அதே வேளையில் வயிற்றில் அமிலமும் ஊறும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், நாய்களுக்கு உணவைத் தின்னக் கொடுத்து, அது வயிற்றுக்குப் போகாமல் கழுத்து வழியாகவே வெளியே விழும்படி செய்து இதைக் காட்டினார். செரிமானம் பற்றிய வேலைக்காக 1904-ல் நோபல் பரிசும் வாங்கினார். நரம்பின் நுனியில் வெளிவரும் அசிட்டைல்கோலின், பெரைட்டல் செல்லின் எம்3 என்ற ஏற்பியில், அதாவது சேதி வாங்குகிற கதவில், உட்காரும்.

இரண்டாவது ஆள் காஸ்ட்ரின், நம் கதையின் ஹார்மோன். இரைப்பையின் கீழ்ப் பகுதியில் இருக்கும் ஜி செல்கள் இதைச் சுரக்கும். இட்லி சாம்பாரோ முட்டையோ மீனோ, புரதம் உடைந்து அமினோ அமிலங்கள் வந்தாலும், வயிறு விரிந்தாலும் காஸ்ட்ரின் கிளம்பும். வேடிக்கை என்னவென்றால், கீழ்த் தளத்திலிருந்து மேல் தளத்துக்குப் போகிற செய்தி நேராகப் போகாது. ரத்தத்தில் கலந்து, கல்லீரல் வழியாக இதயம், அங்கிருந்து நுரையீரல், திரும்ப இதயம், பிறகு தமனி வழியாக மறுபடி அதே இரைப்பைக்கு வந்து சேரும். பக்கத்துத் தெருவுக்குப் போகிற கடிதம் ஊர்த் தலைமைத் தபால் நிலையம் போய்த் திரும்பி வருவது போல. ஹார்மோன் என்றாலே அப்படித்தான்.

மூன்றாவது ஆள் ஹிஸ்டமின். தும்மலுக்கும் தடிப்புக்கும் காரணமாக நமக்குத் தெரிந்த அதே ஹிஸ்டமின். பெரைட்டல் செல்லுக்குப் பக்கத்து வீட்டில் ஈசிஎல் செல் என்று ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் வந்த காஸ்ட்ரின் பெரும்பாலும் இந்த ஈசிஎல் செல்லின் கதவைத்தான் தட்டும். அது ஹிஸ்டமினைக் கொட்டும். ஹிஸ்டமின் பக்கத்துப் பெரைட்டல் செல்லின் எச்2 ஏற்பியில் போய் உட்காரும். காஸ்ட்ரின் நேராகவும் பெரைட்டல் செல்லில் உட்கார முடியும், அதற்கும் அங்கே ஏற்பி உண்டு. ஆனால் அதன் செல்வாக்கில் பெரும் பங்கு ஹிஸ்டமின் வழியாகத்தான்.

இனிமேல்தான் செல்லுக்குள்ளே. வந்தவர்கள் யாரும் உள்ளே நுழைவதில்லை, வாசலில் நின்று கதவைத் தட்டுவதோடு சரி. உள்ளே சேதியைத் தூக்கிக்கொண்டு ஓட வேறு ஆள் வேண்டும். இரண்டாம் தூதர் என்கிற இந்தக் கருத்தைக் கல்லீரல் செல்களில் வேலை செய்து கண்டுபிடித்தவர் ஏர்ல் சதர்லாந்து, 1971-ல் நோபல் பெற்றார். ஹிஸ்டமின் எச்2-வில் உட்கார்ந்ததும் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜி புரதம் ஒன்று விழித்துக்கொள்ளும். அது அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்கும். அந்த நொதி, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றும். சைக்ளிக் ஏஎம்பி கூடினால் புரோட்டீன் கைனேஸ் ஏ எழும். அது வேறு புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே போகும், கடைசியில் அந்தப் பைகள் வாசலுக்கு நகரும்.

அசிட்டைல்கோலினும் காஸ்ட்ரினும் எடுக்கும் பாதை வேறு. அவை இன்னொரு வகை ஜி புரதத்தை எழுப்பி, ஐபி3 என்ற சிறு மூலக்கூறு வழியாக, செல்லுக்குள் பூட்டி வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும்.

சைக்ளிக் ஏஎம்பி ஒரு பக்கம், கால்சியம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று நிற்காது, அதற்கு மேல் போகும். அதனால்தான் ஹிஸ்டமின் கதவை மட்டும் அடைத்தாலே, மற்ற இருவரும் வாசலில் நின்றாலும், சுரப்பு கணிசமாகக் குறைகிறது. ‘ஒரு ஏற்பியை அடைத்தால் மூன்றில் ஒரு பங்குதானே குறைய வேண்டும்?’ என்று தேர்வில் நான் வருஷா வருஷம் கேட்பேன். வருஷா வருஷம் பாதிப் பேர் ஆமாம் என்று எழுதுவார்கள்.

பிரேக்கும் உண்டு. வயிற்றில் அமிலம் போதுமான அளவு சேர்ந்து பிஎச் 3-க்குக் கீழே போனால், இரைப்பைச் சுவரிலேயே இருக்கும் டி (D) செல்கள் சோமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனை விடும். அது ஜி செல்லை அடக்கும், ஈசிஎல் செல்லை அடக்கும், பெரைட்டல் செல்லையும் அடக்கும். ஆக, அமிலமே அமிலத்தை நிறுத்துகிறது. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனசு வராது. 1905-ல் ஜான் எட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், இரைப்பையின் கீழ்ப் பகுதிச் சவ்விலிருந்து எடுத்த சாற்றை ரத்தத்தில் செலுத்தினால் அமிலம் சுரக்கிறது என்று காட்டி, அதற்குக் காஸ்ட்ரின் என்று பெயர் வைத்தார். பிறகு ஹிஸ்டமினும் அமிலத்தைச் சுரக்க வைக்கும் என்பதை போப்பியெல்ஸ்கி கண்டார். உடனே எட்கின்ஸ் கதை கவிழ்ந்தது. ‘உங்க சாற்றில் இருந்தது ஹிஸ்டமின்தான், காஸ்ட்ரின் என்று ஒன்று கிடையாது’ என்று சொல்லிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 1964-ல் லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் பன்றி இரைப்பையிலிருந்து காஸ்ட்ரினைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டினார்கள், பதினேழு அமினோ அமிலம் கொண்ட சிறு சங்கிலி. எட்கின்ஸ் அப்போது உயிரோடு இல்லை. காஸ்ட்ரினா ஹிஸ்டமினா என்று சண்டை போட்டவர்களுக்கு, காஸ்ட்ரின் சொல்லி ஹிஸ்டமின் செய்கிறது என்பது தெரியாமல் போனதுதான் பரிதாபம்.

ஹிஸ்டமின் என்றதும் ஒரு பிள்ளையாவது கேட்கும், “மேடம், அப்போ சளிக்குப் போடுற செட்டிரிசின் போட்டா அமிலம் குறையுமா?” குறையாது. தும்மலுக்கான ஏற்பி எச்1, வயிற்றில் இருப்பது எச்2. பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் அமிலத்தைத் தொடவே இல்லை என்ற இந்த முரண்தான் பிரிட்டன் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக்கை உறுத்தியது. இன்னொரு ஏற்பி இருந்தாக வேண்டும் என்று தேடி, 1972-ல் எச்2-வை நிலைநாட்டினார். 1976-ல் அதை அடைக்கிற மாத்திரையான சிமெடிடின் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் தீராத அல்சர் என்றால் வேகஸ் நரம்பை வெட்டுவார்கள், இரைப்பையின் ஒரு பகுதியையே எடுப்பார்கள். ஒரு மாத்திரை அந்தக் கத்தியைக் கீழே வைக்க வைத்தது. 1988-ல் பிளாக்குக்கு நோபல். அதே வருஷம்தான் ஒமெப்ரசோல், அதாவது என் பான்டோப்ரசோலின் அண்ணன், சந்தைக்கு வந்தது. அது ஏற்பியை எல்லாம் விட்டுவிட்டு நேரே பம்பிலேயே கை வைத்தது.

இப்போது என் ராத்திரிக்கு வருகிறேன்.

பான்டோப்ரசோல் பம்பை அடைக்கிறது. அமிலம் குறைகிறது. அமிலம் குறைந்தால் டி செல்லுக்கு வேலை இல்லை. சோமாட்டோஸ்டாட்டின் இல்லையென்றால் ஜி செல்லை அதட்ட ஆள் இல்லை. காஸ்ட்ரின் ஏறும். வயிறு ‘அமிலம் வரலையே, வரலையே’ என்று கூவிக்கொண்டே இருக்கிறது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. காஸ்ட்ரின் ஈசிஎல் செல்லை முடுக்குவதோடு நிற்காது, வளரவும் வைக்கும். இரண்டரை வருஷத்தில் என் வயிற்றில் ஹிஸ்டமின் கொட்டுகிற கூட்டம் பெருத்துப்போயிருக்கும். வெளியே தெரியவில்லை, கேட் பூட்டியிருந்ததால். நான் ஒரே நாளில் பூட்டைக் கழற்றினேன். பூட்டப்பட்ட பம்புகளுக்குப் பதிலாகப் புதுப் பம்புகள் சில நாளில் வந்துவிட்டன. பெருத்த கூட்டம் அப்படியே இருந்தது. விளைவு, மாத்திரை தொடங்குவதற்கு முன்பு எனக்கு இருந்ததைவிட அதிக அமிலம்.

இதை என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2009-ல் டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு 8 வாரம் என் மாத்திரையின் அதே வகையான எசோமெப்ரசோல் 40 மி.கி., அதன் பிறகு 4 வாரம் வெற்று மாத்திரை. மற்றவர்களுக்கு 12 வாரமும் வெற்று மாத்திரைதான். எது யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. கடைசி 4 வாரத்தில் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் மாதிரி அமிலத் தொந்தரவு வந்தவர்கள் முதல் குழுவில் 44 சதவீதம், இரண்டாவதில் 15 சதவீதம். நல்ல வயிறோடு உள்ளே போனவர்கள் எரிகிற வயிறோடு வெளியே வந்தார்கள். கோவில்பட்டியில் எனக்கு மூன்றாம் நாள் காந்தியதும் இதன் ஆரம்பம்தான். நான் அதை நோய் என்று படித்து, மருந்தைத் தொடர்ந்தேன்.

ஆறாம் நாள் காலையில் மறுபடி மாத்திரை போட்டுக்கொண்டு, முதல்முறையாக ஒரு குடல்நோய் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “எப்போ போடுவீங்க, சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” பின்னாடிதான். காலையில் டிபன், காபி, அப்புறம் மாத்திரை, அப்புறம் பஸ். அவர் சிரித்தார். “நீங்களே பாடம் நடத்துறவங்க.”

முகம் சிவந்துவிட்டது. ஏனென்றால் காரணம் என் படத்திலேயே இருக்கிறது. இந்த மாத்திரை வயிற்றில் வேலை செய்வதில்லை. அமிலத்தில் கெடாமல் இருக்க மேலே பூச்சு போட்டு, குடலில் கரைந்து, ரத்தம் வழியாக பெரைட்டல் செல்லுக்கு வருகிறது. அமிலம் சுரந்துகொண்டிருக்கும் இடத்தில்தான் அது விழித்துக்கொண்டு பம்போடு நிரந்தரமாக ஒட்டும். பைக்குள் பதுங்கியிருக்கும் பம்பை அதனால் தொட முடியாது. ரத்தத்திலோ அது ஒன்றிரண்டு மணி நேரம்தான் தங்கும். ஆக, மருந்து ரத்தத்தில் இருக்கும் நேரமும் பம்புகள் வாசலுக்கு வரும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். டிபனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட்டால் அமையும். ராத்திரி எரிகிறதே என்று படுக்கும்போது வெறும் வயிற்றில் ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் வீண். ஒரு வேளை போட்டதும் முழுப் பலனும் கிடைக்காது, மூன்று நாளாவது ஆகும். ‘போட்டேன், உடனே கேக்கல’ என்று சொல்பவர்கள் தப்பான மாத்திரையிடம் தப்பான வேலையைக் கேட்கிறார்கள். உடனடிக்கு அமிலத்தை முறிக்கிற ஜெல்தான்.

அவர் என்னை இறக்கிய விதம் இது. முதலில் 40-ஐ 20 ஆக்கி, டிபனுக்கு முன்பு, மூன்று வாரம். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு வாரம். பிறகு நிறுத்தம். நிறுத்திய பிறகு ராத்திரி எரிந்தால் மட்டும் ஃபேமோடிடின், அதாவது எச்2-வை அடைக்கிற மாத்திரை. ராத்திரிச் சுரப்பில் ஹிஸ்டமினின் கை ஓங்கியிருக்கும் என்பதால் அந்த நேரத்துக்கு அது பொருத்தம். தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு அதற்குப் பழகி, பலன் குறைந்துவிடும். அதனால் ‘தேவைன்னா மட்டும்’ என்பதை இரண்டு தடவை சொன்னார். ஒரேயடியாக நிறுத்துவதும் தவறில்லை, சிலர் தாக்குப்பிடித்துவிடுவார்கள் என்றும் சொன்னார். வரப்போகிற எரிச்சல் என்னவென்று தெரிந்திருந்தால் போதும். எனக்குத் தெரியாததால்தான் ஐந்தாம் நாள் பயந்து ஓடினேன்.

நிறுத்திய பிறகும் முதல் மூன்று வாரம் சுகமாக இல்லை. ஒன்பதாம் நாள் வாக்கில் உச்சம். அத்தை பாவம், ஆற்றின பாலைத் தம்ளரில் கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். குடித்தால் அந்த நிமிஷம் குளுகுளு என்றிருக்கும், முக்கால் மணி கழித்து முன்னைவிட எரியும். பாலில் புரதமும் கால்சியமும் இருக்கின்றன, இரண்டும் ஜி செல்லுக்குப் பிடித்தமானவை. அத்தையிடம் காஸ்ட்ரினை விளக்க முடியுமா? “பால் வேணாம் அத்தை, ஜீரணமாக நேரமாகும்” என்று சொல்லிச் சமாளித்தேன். வெறும் வயிற்றுக் காபியைத்தான் என்னால் விட முடியவில்லை. டிகாஃபுக்கு மாறலாமா என்று யோசித்தேன், ஆனால் காஃபீன் எடுத்த காபியும் அமிலத்தைத் தூண்டும் என்பது தெரிந்ததால் அந்தச் செலவு மிச்சம். கடைசியில் காபியை டிபனுக்குப் பிறகு தள்ளி வைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு இழுத்தேன், கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தேன். இவர் ஒரு வாரம் உருண்டு உருண்டு கீழே வருகிறேன் என்று புலம்பினார், பிறகு பழகிவிட்டார். கார்த்திகை தீபத்தன்று அப்பமும் பொரி உருண்டையும் தின்றுவிட்டுத் தூங்கிப் போனேன். காலையில்தான் ஞாபகம் வந்தது, எரியவில்லையே என்று.

நடுவில் இரண்டு பரிசோதனைகள் நடந்தன. அல்சருக்குக் காரணமாகிற ஹெலிகோபேக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார். இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே அந்தச் சோதனையைச் செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம், இரண்டு வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஆகவே நிறுத்திய பிறகு செய்தார், இல்லை என்று வந்தது. இன்னொன்று வைட்டமின் பி12, அது குறைவாக இருந்தது. நான் சைவம், அது ஒரு காரணம். உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும், அது இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம். பிரித்த பி12-ஐக் குடல் உறிஞ்சத் தேவையான இன்ட்ரின்சிக் ஃபேக்டரைச் சுரப்பதும் இதே பெரைட்டல் செல்தான் என்பதைப் பாடத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போவேன். இனிமேல் அப்படிப் போக மாட்டேன்.

எனக்கு நேர்ந்த பெரிய தப்பு இனிமேல்தான். புது ஞானம் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போனேன். அவரும் அதே மாத்திரையை நாலு வருஷமாகப் போடுகிறார். “அப்பா, இதை நிப்பாட்டிருவோம், நான் சொல்ற மாதிரி குறைங்க” என்று அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன். நல்லவேளை, டாக்டருக்கு ஒரு வார்த்தை போன் செய்தேன். அப்பாவுக்கு வயது எழுபத்தி நாலு, இதயத்தில் ஸ்டென்ட், தினமும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். ஆஸ்பிரின் அந்தப் புராஸ்டாகிளாண்டின் பிரேக்கைக் கழற்றுகிறது, இரண்டுமே ரத்தம் உறையாமல் பார்க்கின்றன. வயிற்றில் ஒரு சின்னப் புண் வந்தாலும் அவருக்கு அது பெரிய ரத்தப்போக்காகிவிடும். “உங்களுக்கு அது தேவையில்லாத மாத்திரை மேடம். அவருக்கு அதுதான் காவல்” என்றார். இரண்டு ரத்த மாத்திரையும் சேர்ந்து ஓடும் வரை இதைத் தொடக்கூடாது. இதற்கு முன் அல்சரில் ரத்தம் போனவர்கள், உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாகியிருப்பவர்கள், பாரெட் மாற்றம் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்சவ்வு மாறிப்போவது) என்று சொல்லப்பட்டவர்கள், இவர்களும் தாங்களாக நிறுத்தக்கூடாது. நான் அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எங்கள் தெருவில் நடந்ததால். மார்பு நடுவே அழுத்தம், வேர்வை, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது என்றால் அது கேஸ் என்று ஜெல்லைக் குடித்துக்கொண்டு உட்காரக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இவையும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தீர்க்கிற விஷயங்கள் இல்லை.

அந்தப் பையனுக்குப் பதில் சொன்னேன், மூன்று மாதத்துக்கு மேல் தள்ளி. படத்தில் எப்போதும் போடும் பெருக்கல் குறியைப் பம்பில் போட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி ஜி செல்லுக்கு ஒரு புது அம்பு வரைந்து, ஈசிஎல் செல்லை ஒன்றுக்கு மூன்றாக வரைந்தேன். “சும்மா இருக்க மாட்டாங்கப்பா, கூட்டம் சேத்துருவாங்க” என்றேன். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வி கேட்டான், “அப்போ எத்தன நாள்ல கூட்டம் கலையும் மேடம்?” சிலருக்கு வாரக் கணக்கு, சிலருக்கு மாதக் கணக்கு, எனக்கு ஏறக்குறைய ஏழு வாரம் என்றேன். என் கதையையும் சொன்னேன். அந்த பீரியடில் யாரும் தூங்கவில்லை.

போன வாரம் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அண்ணன் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என்னம்மா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?”

“இது அப்பாவுக்கு அண்ணே. அட்டைமேல ‘சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி’ன்னு பெருசா எழுதிக் குடுங்க. அவருக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது.”